பக்கத்து வீட்டு குர்து

வணக்கம் சார். நாலு நாட்டுல பிரிஞ்சு கிடக்குற குர்து இன மக்களுக்கு தனி நாடு கிடைக்காதது பத்தி எழுதியிருந்தீங்க. முதல் உலகப் போர் முடிஞ்சதும் 1920 செவ்ர் ஒப்பந்தத்துல தனி நாடுன்னு ஆசை காட்டிட்டு 1923 லோசான் ஒப்பந்தத்துல கைவிட்ட கதையெல்லாம் சரி, ஆனா துருக்கி, ஈரான், ஈராக், சிரியா நாலு பேருக்கும் தன் நிலம் துண்டா போயிடும்ங்கிற பயம் நியாயம்தானே? அதை ஏன் விட்டுட்டீங்க?
– ஆர்.

ஆர்,
விட்டது என் தப்புதான். பயம் பொய்யில்ல. 1984ல பி.கே.கே.ங்கிற குர்து ஆயுதக் குழு துப்பாக்கி தூக்கினதுலேர்ந்து துருக்கியில ரெண்டு பக்கமுமா 40 ஆயிரம் பேருக்கு மேல செத்துட்டாங்க, அங்க யார் ஆட்சிக்கு வந்தாலும் இதை லேசா எடுத்துக்க முடியாது.

ஆனா இந்த பயமெல்லாம் தன் வீட்டு குர்துகிட்ட மட்டும்தான். பக்கத்து வீட்டு குர்துன்னா வேற கணக்கு. ஈரான் மன்னர் ஷா ஈராக் குர்துகளுக்கு ஆயுதமும் காசும் அள்ளிக் குடுத்தார், 1975 மார்ச்ல அல்ஜியர்ஸ்ல சதாமோட உட்கார்ந்து ஷத் அல் அரப் ஆத்து எல்லையை தனக்கு தோதா பேசி முடிச்சதும் உதவி கட், ஈராக் குர்து தலைவர் முல்லா முஸ்தபா பர்சானியோட போராட்டம் கொஞ்ச நாள்லயே படுத்துடுச்சு. சிரியா இன்னும் மோசம். 1962ல கணக்கெடுப்புங்கிற பேர்ல ஒரு லட்சத்துக்கு மேல தன் குர்துகளோட குடியுரிமையை பிடுங்கின நாடு, பின்னாடி துருக்கிக்கு குடைச்சல் குடுக்க பி.கே.கே. தலைவர் ஓஜலானை 1998 வரைக்கும் பத்திரமா வச்சிருந்துச்சு.

இதுல குர்துகளும் சளைச்சவங்க இல்ல. ஈராக்ல ஹலப்ஜாங்கிற குர்து ஊர்ல சதாம் விஷ வாயு போட்டு எட்டே வருஷத்துல, 1996ல, போட்டி குர்து கட்சியான தலபானி கட்சியை விரட்ட முல்லா முஸ்தபாவோட மகன் மசூத் பர்சானி அதே சதாமோட ராணுவத்தைத்தான் ஈராக் குர்து பகுதியோட தலைநகர் எர்பிலுக்கு கூப்பிட்டார். படிக்கிறப்ப எனக்கே நம்ப முடியல.

ஈராக் குர்து பகுதியில 2017 செப்டம்பர்ல நடந்த வாக்கெடுப்புல 92 சதவீதத்துக்கு மேல தனி நாடு வேணும்னாங்க, மூணே வாரத்துல ஈராக் ராணுவம் குர்துகள் கையில இருந்த எண்ணெய் நகரம் கிர்குக்ல, தலபானி பக்க பெஷ்மெர்காவுல (குர்து படை) பலர் சண்டையே போடாம விலகிட்டாங்க. கடலும் இல்லாத ஊரு, குழாய்ல எண்ணெய் வெளிய போகணும்னா துருக்கி வழியாதான் போகணும். வால்வு எங்க கையில இருக்குன்னு எர்டோகன் மிரட்டினாரு பாருங்க, ஆனா மூடல. துருக்கியோட ஜெய்ஹான் துறைமுகத்துக்கு எண்ணெய் அப்பவும் போய்க்கிட்டுதான் இருந்துச்சு.