12,000 ரூபாயில் போன்: மூன்றாவது வருடத்தை நினைத்து வாங்குங்கள்

கேள்வி: சங்கரன்கோவில் பக்கம் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ் டிசைன்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது, ஜிபேயில் பணம் வாங்குவது, அளவு நோட்டைப் படம் பிடித்து வைப்பது எல்லாமே போனில்தான். இப்போதுள்ள 64 ஜிபி போன் தினமும் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்கிறது. கையில் 12,000 ரூபாய் இருக்கிறது. ப்ளஸ் டூ படிக்கும் பையன் 108 மெகாபிக்சல் கேமராதான் வேண்டும் என்கிறான். கடைக்காரர் '8+8, மொத்தம் 16 ஜிபி ராம்' என்று ஒரு போனைக் காட்டுகிறார். இல்லாவிட்டால் யாரோ பயன்படுத்திய பழைய போன் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம் என்றும் பையன் சொல்கிறான். எதை நம்புவது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடையில் கையில் வாங்கிப் பார்க்கும்போது எல்லாப் போனும் நன்றாகத்தான் இருக்கும். அது மூன்றாவது வருடம் எப்படி இருக்கும் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சில வருடங்களுக்கு முன்பு என் அக்காவுக்கு நானே தேர்ந்தெடுத்து ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். பின்பக்கம் மயில்கழுத்து நிறத்தில் மின்னும்; அதில்தான் மயங்கினேன். ஒன்றரை வருடத்தில் அப்டேட் வருவது நின்றது. அப்புறம் ஒருநாள் கைதவறி விழுந்து டிஸ்ப்ளே உடைந்தது. அவர் ஊரில் அந்தக் கம்பெனிக்குச் சர்வீஸ் சென்டர் இல்லை. பார்ட்ஸ் வர மூன்று வாரம் ஆனது, செலவோ போன் விலையில் பாதியை நெருங்கியது. அந்த மூன்று வாரமும் அவர் பட்ட சிரமம் இன்னும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. உங்களுக்கோ போன் என்பது கடையின் ஒரு பாதி.

முதலில் அந்த '8+8' கணக்கைப் பார்ப்போம். ராம் என்பது நீங்கள் துணி விரித்து வெட்டும் மேசை மாதிரி. ஸ்டோரேஜ் என்பது துணி அடுக்கி வைக்கும் பீரோ. இரண்டாவதாகச் சொல்லும் 8 ஜிபி, பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்து அதையும் மேசைக் கணக்கில் சேர்ப்பது. அங்கே வைத்து வெட்ட முடியாது. எடுப்பதும் வைப்பதுமாக நேரம்தான் போகும். ஏற்கனவே இடமில்லாமல் தவிக்கும் உங்களுக்கு அது உள்ள இடத்தையும் குறைக்கும். ஆகவே கூட்டல் குறிக்கு முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். உங்கள் வேலைக்கு 6 ஜிபி போதும். 4 ஜிபி என்றால் இன்று ஓடும், இரண்டு வருடத்தில் திணறும்.

ஸ்டோரேஜில்தான் நீங்கள் விட்டுக்கொடுக்கவே கூடாது. 128 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். 64 ஜிபி போனில் கால்வாசியைச் சிஸ்டமே பிடித்துக்கொள்ளும், மீதியை வாட்ஸ்அப் தின்னும். இதிலேயே இன்னொன்றும் உண்டு: மலிவு போன்கள் சிலவற்றில் இன்னும் ஈஎம்எம்சி என்ற பழைய வகை மெமரி வருகிறது. அதற்குப் பதில் யுஎஃப்எஸ் 2.2 என்ற புதிய வகை போட்டிருந்தால் படிக்கும் வேகம் மூன்று மடங்குக்கு மேல். படங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு கேலரி திறக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். கடைக்காரர் சொல்ல மாட்டார். கேட்டு வாங்க வேண்டும். இரண்டு சிம் போட்ட பிறகும் மெமரி கார்டுக்குத் தனி இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி கேமரா. 108 மெகாபிக்சல் கேமரா வழக்கமாக ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் தருகிறது. 50 மெகாபிக்சல் கேமரா நான்கை ஒன்றாக்கிப் பன்னிரண்டரை தருகிறது. பையனிடம் இதைச் சொல்லுங்கள், அவனுக்குக் கணக்கு புரியும். அதற்கு மேல் வாட்ஸ்அப் வேறு படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். எச்டி பட்டனைத் தட்டி அனுப்பினால் கொஞ்சம் கூடுதல் தெளிவாகப் போகும். பக்கத்தில் ஒட்டியிருக்கும், மிக நெருக்கத்தில் படம் எடுப்பதற்கான 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா எண்ணிக்கைக்காக வைத்தது, அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது துணியின் நிறம் உள்ளபடி வருவது. கடைக்குப் போகும்போது பையில் இரண்டு துண்டுத் துணி எடுத்துப் போங்கள்: அரக்கு நிறத்தில் பட்டு ஒன்று, ஜரிகையோ ஆரி வேலையோ உள்ளது ஒன்று. ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒரு படம், வாசலில் வெயிலில் ஒரு படம் எடுத்து, துணியைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். மலிவு கேமராக்களில் அரக்கு சிவப்பாக அடித்துக்கொண்டு வரும், ஜரிகை வெள்ளைத் திட்டாக வெளுத்துப் போகும். 'படத்தில் பார்த்த கலர் வேறம்மா' என்று வாடிக்கையாளர் சொல்லாமல் இருக்க வேண்டுமானால், இந்த ஐந்து நிமிடச் சோதனையைக் கூச்சப்படாமல் செய்யுங்கள். வாசலில் நிற்கும்போதே வெயிலில் திரை தெரிகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்தது அப்டேட். போனில் பணம் வாங்குகிறீர்கள், அதனால் பாதுகாப்பு அப்டேட் வராத போன் உங்களுக்கு ஆகாது. 2024-இல் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி-க்கு 6 வருடம் பாதுகாப்பு அப்டேட் தருவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. வெளியானபோது அதன் விலை உங்கள் பட்ஜெட்டுக்கு மேல். ஆனாலும் நடுத்தர விலையிலேயே இவ்வளவு தர முடிகிறது என்றால், நீங்கள் பார்க்கும் போனுக்கு எத்தனை வருடம் என்று கேட்பதில் தப்பே இல்லை. மூன்றுக்குக் குறைந்தால் வேண்டாம். வருடக் கணக்கு பெரும்பாலும் போன் வெளியான நாளிலிருந்து தொடங்கும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் வரும் பழைய மாடலில் ஒரு வருடம் ஏற்கனவே கழிந்திருக்கும். வாயால் சொல்வதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு: அதே கம்பெனியின் இரண்டு வருடப் பழைய போனை வைத்திருக்கும் தெரிந்தவரிடம் வாங்கி, செட்டிங்ஸில் செக்யூரிட்டி அப்டேட் தேதி என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரிலோ தென்காசியிலோ இருக்கிறதா, இல்லை திருநெல்வேலி வரை பஸ் ஏற வேண்டுமா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே விசாரியுங்கள். அங்கேயே போன் செய்து, அந்த மாடலுக்கு டிஸ்ப்ளே மாற்ற எவ்வளவு என்றும் கேளுங்கள். வாரண்டி உடைசலுக்குச் சேராது.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். 5,000 எம்ஏஎச் பேட்டரி இருந்தால் போதும். நாள் முழுக்க வீட்டில் இருப்பவருக்கு அதிவேக சார்ஜிங் தேவையில்லை. பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். திரை வழுக்கிக்கொண்டு நகர உதவும் 120 ஹெர்ட்ஸ் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி. 5ஜி நல்லதுதான், ஆனால் அதற்காக 128 ஜிபியை 64 ஆக்கிக்கொள்ளாதீர்கள். மீதியில் ஐந்நூறு ரூபாய் பவுச்சுக்கும் டெம்பர்டு கிளாஸுக்கும் ஒதுக்குங்கள்.

பழைய போன் யோசனையை உங்கள் விஷயத்தில் நான் ஏற்கவில்லை. பேட்டரி தேய்ந்திருக்கும், அப்டேட் காலமும் முடியும் தறுவாயில் இருக்கும். அப்படியும் வாங்கத்தான் வேண்டும் என்றால் *#06# போட்டு வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்க்காமல், பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

புதுப் போன் வந்ததும் ஜிபேயைக் கடையில் வைத்து அமைக்காதீர்கள். வங்கியில் பதிந்த சிம்மைப் போட்டு, வீட்டில் உட்கார்ந்து நீங்களே செய்யுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களை மாற்ற, பழைய போனின் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'டிரான்ஸ்ஃபர் சாட்ஸ்' இருக்கிறது. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் படங்களோடு நேராக வந்துவிடும், கூகுள் டிரைவ் தேவையில்லை. ஆனால் கேலரியில் உள்ள படங்கள் அதில் வராது, அவற்றைத் தனியாக மாற்ற வேண்டும். இரண்டு போனையும் ஒரு மாதம் சேர்த்தே வைத்திருங்கள். அளவு நோட்டுப் படங்களை ஒவ்வொரு வாடிக்கையாளராகத் திறந்து பார்த்து, எல்லாம் வந்திருப்பது உறுதியான பிறகு பழைய போனில் உள்ளதை அழியுங்கள்.