குளிர் கதவு வழியாகவா, இடுக்கு வழியாகவா?

கேள்வி: ஊட்டி தலைகுந்தாவில் சொந்த வீடு. வாசல் கதவு இருபது வருஷத்துப் பழசு. ஆடி மழையில் உப்பிக்கொண்டு சாத்தவே வராது. ஆசாரியைக் கூப்பிட்டு இரண்டு முறை இழைத்தாயிற்று. இப்போது தைக் குளிரில் நாலு பக்கமும் காற்று வருகிறது, ஹீட்டர் ராத்திரி முழுக்க ஓடுகிறது. நுரை அடைத்த இரும்புக் கதவுதான் சரி என்கிறார் கடைக்காரர். தேக்கு போதும் என்கிறார் என் வீட்டுக்காரர். எதை வாங்கலாம்?

பதில்: மழைக்காலத்தில் இழைத்தீர்களே, கோளாறு அங்கேதான். ஈரம் ஏறினால் மரம் அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஆடியில் கச்சிதமாக மூடும்படி சீவிய கதவு, உறைபனி விழும் நாளில் இடுக்கு விடாமல் என்ன செய்யும்? 7 அடிக்கு 3 அடிக் கதவில் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி என்றாலே, கூட்டிப் பார்த்தால் சுமார் 180 சதுர சென்டிமீட்டர். சுவரில் ஒரு செங்கல்லை உருவிவிட்டு ஹீட்டர் போட்ட மாதிரிதான்.

காற்று அடிக்கும் ராத்திரியில் ஒரு ஊதுபத்தியை நிலையை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். புகை எங்கே வளைகிறதோ அங்கே ரப்பர் பீடிங், கதவின் அடியில் பிரஷ் பட்டை. புதுக் கதவின் விலையில் இது ஒரு மூலைக்குக் காணாது. கதவின் மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் பெயிண்டே பட்டிருக்காது. ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான். வெயில் காலத்தில் கழற்றி, இரண்டுக்கும் பெயிண்ட் அடித்துவிட்டால் அடுத்த ஆடியில் அவ்வளவாக உப்பாது.

இதற்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால், சரி, கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. ஒரே கனத்தில் பாலியூரித்தேன் நுரை மரத்தைவிட நாலைந்து மடங்கு குளிரைத் தடுக்கும். ஆனால் உள்ளே இருப்பது நுரைதானா? தேன்கூடு மாதிரி மடித்த காகிதத்தை அடைத்த இரும்புக் கதவுகளும் விற்கின்றன. வெட்டிய மாதிரித் துண்டு கேளுங்கள். வெளித் தகடும் உள் தகடும் விளிம்பில் ஒன்றையொன்று தொட்டால் இரும்பே குளிரை உள்ளே கொண்டுவரும், விடியற்காலையில் உள்பக்கம் வியர்த்து நிற்கும். யு-வேல்யூ எவ்வளவு என்றும் கேளுங்கள், அதாவது கதவு வழியாக எவ்வளவு சூடு வெளியேறும் என்று காட்டும் எண். எண் குறையக் குறைய நல்லது. கடைக்காரர் முழித்தால் உங்கள் வீட்டுக்காரர் பக்கம் சாய்ந்துவிடலாம். நன்றாகக் காய்ந்த தேக்கு, சுற்றிலும் பீடிங்கோடு, மோசமில்லை.

அப்புறம் ஒன்று, நீங்கள் கேட்காதது. இடுக்கை அடைத்த வீட்டுக்குள் கரிச்சட்டியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உங்களை எழுப்பாது. இவ்வளவு நாள் அந்த இடுக்குதான் அதை வெளியே விட்டுக்கொண்டிருந்திருக்கும்.