கம்பெனிப் படை பாளையக்காரர்களிடம் ஏன் திணறியது?

ஆடிப்பெருக்குக்குச் சங்ககிரிக் கோட்டைக்குப் போய்வந்த நீங்கள், பீரங்கி வைத்திருந்த ஆங்கிலேயப் படை தீரன் சின்னமலையிடமும் மருது சகோதரர்களிடமும் ஏன் திணறியது என்று கேட்கிறீர்கள்.

வரிசைகட்டி நின்று சுடப் பழகிய படை அது. எதிரி கண்ணுக்குத் தெரிந்தால்தானே சுடலாம்? 1801-இல் சிறுவயலில் இருந்து, சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்களின் கோட்டை இருந்த காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போடப் பார்த்தார்கள். பகலெல்லாம் மரம் வெட்டுவார்கள், புதருக்குள்ளிருந்து தாக்குதல் வரும். ஏறக்குறைய ஒரு மாதம் இப்படி மல்லுக்கட்டிவிட்டு, பாதையைப் பாதியில் கைவிட்டுத் திரும்பினார்கள். அந்தப் படையில் இருந்த வெல்ஷ் என்ற அதிகாரிக்கு வளரி என்ற வளைந்த எறி ஆயுதத்தை எறியக் கற்றுக்கொடுத்ததே சின்ன மருதுதான். பழகிய மனிதரையே வேட்டையாட வேண்டிய நிலை!

அப்புறம் வழியை மாற்றினார்கள். சிவகங்கை அரச வழியில் வந்த படமாத்தூர் கௌரி வல்லபரைச் சிவகங்கைக்கு உரியவராக அறிவித்து, ஊர் மக்களைப் பிரித்தார்கள். என் கணிப்பில் பீரங்கியைவிட இதுதான் வேலை செய்தது. அக்டோபரில் காளையார்கோவில் விழுந்தது.

நம் கொங்குப் பக்கம் சின்னமலை இன்னும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தார். 1805-இல் நீங்கள் ஏறிவந்த அதே சங்ககிரியில்தான் அவரைத் தூக்கிலிட்டார்கள். சேலத்துக்காரனான எனக்கு அந்தப் படிகளில் ஏறும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.