வாசகர் கேள்வி: அப்பாவின் ஒற்றைக்குழல்

கேள்வி: போலீஸ் இருக்கும்போது மக்களுக்கு எதற்குத் துப்பாக்கி? எல்லா உரிமங்களையும் ரத்து செய்தால் என்ன?
- கல்லூரி மாணவி, நாமக்கல்

பதில்: போலீஸ் இருக்கிறது, சரி. எங்கள் தோட்டத்துக்கு ஸ்டேஷன் 22 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி மாவட்டத்து மலையோரத்தில் ராகி போடுகிறவர்கள் நாங்கள். அப்பாவிடம் வெடிமருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது, பயிர்ப் பாதுகாப்பு உரிமத்தோடு. பரண்மேல் உட்கார்ந்து வானத்தைப் பார்த்து ஒரு வெடி. பன்றிக் கூட்டம் காட்டுக்குள் ஓடிவிடும்.

2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலுக்கு வழக்கம்போல் அதை ஒப்படைக்கச் சொன்னார்கள். கதிர் முற்றி நின்ற நேரம். தகரம் தட்டினோம், பட்டாசு கொளுத்தினோம். நாலே ராத்திரியில் ஒன்றரை ஏக்கர் போயிற்று. துப்பாக்கி திரும்பி வந்தபோது குழலுக்குள் விரலை விட்டால் துரு ஒட்டியது. தேங்காய் எண்ணெய்த் துணியால் அப்பா ஒரு பகல் முழுக்கத் துடைத்தார். ஒரு குற்றமும் செய்யாத மனிதரைத் தேர்தல் வந்தால் சந்தேகப்படுவதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மக்களை நம்பாத இந்தப் பழக்கம் ஆங்கிலேய வைஸ்ராய் லிட்டன் பிரபு காலத்தது. 1878இல் இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்ட ஒரு சட்டம், அதே ஆண்டில், உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டம். ஐரோப்பியர்களுக்கு விலக்கு. பத்திரிகைச் சட்டத்தை அடுத்து வந்த வைஸ்ராய் ரிப்பன் பிரபு எடுத்துவிட்டார். ஆயுதச் சட்டமோ, சுதந்திர இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டம் அமலுக்கு வரும்வரை நின்றது. ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய அதை பிரிட்டிஷ் ஆட்சியின் மிகக் கறுப்பான செயலாக வரலாறு பார்க்கும் என்று 1918இல் எழுதியவர் யார் தெரியுமா? காந்தி. 1931 கராச்சி காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் உரிமையாகவே தீர்மானித்தது. அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் எச்.வி. காமத் அந்த உரிமையைக் கேட்டார், அம்பேத்கர் மறுத்துவிட்டார். உரிமை அன்றோடு சலுகையானது. 2019 சட்டத் திருத்தத்தில் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்பது இரண்டானது. மசோதா முதலில் சொன்னது ஒன்றுதான். பேச்சுரிமைக்கு 1951இல் புதுக் கட்டுப்பாடுகள் வந்ததும், 1978இல் சொத்துரிமை அடிப்படை உரிமைகளிலிருந்து போனதும் இப்படித்தான், ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல காரணத்தோடு.

கேள்வி: அமெரிக்கப் பள்ளிகளில் நடப்பதைப் பார்த்துமா இப்படிச் சொல்கிறீர்கள்?
- ஆசிரியர், கரூர்

பதில்: அந்தக் குழந்தைகளை நினைத்தால் எனக்கும் நெஞ்சு பதறுகிறது. கேட்டவர்க்கெல்லாம் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தீர விசாரித்துக் கொடுங்கள். பக்கத்துக் குடகையும் பாருங்கள். குடவர்களுக்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்தே உரிமம் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. ஆயுதங்களுக்குப் பூசை செய்யும் கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்கு அவர்கள் சூட்டுகிற பூ, நம் செங்காந்தள்.

கேள்வி: பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி உரிமம் புதுப்பிக்க மனு கொடுத்து ஒரு வருடமாகப் பதில் இல்லை.
- விவசாயி, தர்மபுரி

பதில்: 1959 ஆயுதச் சட்டத்தின் 13, 14ஆம் பிரிவுகளைப் படித்துப் பாருங்கள். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டால் உரிமம் தர வேண்டும் என்றே இருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். மறுபடி மனு கொடுங்கள், நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவுக்காகப் போனபோது நான் அதை வாங்காமல் வந்துவிட்டேன். இரண்டு வருடம் வீணாகிவிட்டது.