பேஸ் கிட்டாரில் லாக்கர் வெளுத்துப்போனால்

வணக்கம் நண்பரே. மழைநாளில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சை ஸ்ப்ரே அடித்ததும் உங்கள் பேஸின் கறுப்பு உடல் திட்டுத்திட்டாக வெளுத்துவிட்டது, எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம், சுரண்டாதீர்கள்!

லாக்கரில் உள்ள தின்னர், அதாவது அதைக் கரைத்து வைத்திருக்கும் திரவம், வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, படலத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அந்த வெள்ளை அதுதான். இந்த லாக்கரில் எனக்கு மிகவும் பிடித்ததே, புதுக் கோட் பழையதை இளக்கி அதோடு ஒன்றாகிவிடும் என்பதுதான். அதனால் ஈரமில்லாத நாளாகப் பார்த்து, மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மிக லேசாக ஒரு கை அடியுங்கள். படலம் இளகி, ஈரம் வெளியேறி, கறுப்பு கண்ணெதிரே தெளிந்து வரும். தெளிந்ததும் நிறுத்திவிடுங்கள், கூடினால் வழியும். அடிக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், ஆவியைத் தடுக்கும் வடிகட்டி மாஸ்க் கட்டாயம், பக்கத்தில் நெருப்பே கூடாது.

அடுத்த கோட்டுகளை 20 முதல் 25 செ.மீ. தள்ளி நின்று மெல்லிசாக அடியுங்கள். பாலிஷுக்கு அவசரம் வேண்டாம், மூன்று நான்கு வாரம் விடுங்கள். உடலை மோந்து பாருங்கள். தின்னர் வாடை இருந்தால் உள்ளே இன்னும் காயவில்லை. பிறகு 1000, 1500, 2000 எண் உப்புத்தாள்களால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாம். ஸ்க்ரூ துளைகளுக்குள் மட்டும் தண்ணீர் போகவிடாதீர்கள், மரம் உப்பி ஓரத்தில் லாக்கர் வெடித்துவிடும்.