ரவுட்டர் லைட் கண்ணைக் குத்துகிறதா? ரேப் ஒட்டுங்கள், போர்டில் கை வைக்க விடாதீர்கள்

கேள்வி: எங்கள் ஹோலில் ரீவி ஸ்ராண்டின் மேலேயே பைபர் ரவுட்டர், அதற்கு ஒரு மினி யூ.பி.எஸ்., மல்ரிபிளக் எல்லாம் இருக்கின்றன. அம்மா காற்றுக்காக ஹோலில்தான் படுப்பார். கண்ணில் கற்றராக்ட் இருக்கிறது, இன்னும் ஒப்பரேசன் செய்யவில்லை. லைட்டை நிற்பாட்டியதும் சுவர் முழுக்க நீலமாகிவிடும். 'கண்ணுக்குள்ள ஊசி குத்துற மாதிரி இருக்கு' என்கிறார். வீட்டுக்கு வந்த ரிப்பேர் தம்பி ஒருவர் ரவுட்டரைத் திறந்து போர்டை மாற்ற வேண்டும் என்றார். இன்னொருவர் நீல ஒளியைத் தடுக்கும் ஸ்ரிக்கர் இருக்கிறது என்கிறார். இந்த லைட்டுகள் கரண்ட் பில்லையும் கூட்டுமாம். அதற்கென்று ஒரு 'கரண்ட் சேவர்' வாங்கிப் பூட்டியும் விட்டோம். அதிலும் ஒரு பச்சை லைட்! என்ன செய்யலாம்? (வாசகி, ஆரையம்பதி)

பதில்: தங்கச்சி, ரவுட்டரை யாரும் திறக்கத் தேவையில்லை. பார்மசியில் காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைக் கடதாசி ரேப் இருக்கிறது, 'மைக்ரோபோர்' என்று கேட்டால் தருவார்கள். அதில் சுண்டுவிரல் நகமளவு வெட்டி விளக்கின் மேல் ஒட்டுங்கள். இன்னும் குத்தினால் அதன் மேல் இன்னொன்று. இரண்டு மூன்று அடுக்கு போனதும் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் எரிவது தெரியும், சுவரில் நீலம் விழாது. ஒரு ஓரத்தை ஒட்டாமல் மடித்து விட்டால் தேவைப்படும்போது சுலபமாக உரிக்கலாம். அம்மாவின் பிரச்சினைக்கு வைத்தியம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் உங்களை யாரும் ஏமாற்றக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

கறுப்பு இன்சுலேசன் ரேப் வேண்டாம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நம் வீடுகளுக்குள் இருக்கிற வெக்கையில் அதன் பசை இளகி வழிந்துவிடும். ரேப் ஒரு பக்கம் நழுவி நிற்கும், பசை ரவுட்டரில் நிற்கும், அதில் தூசி பிடித்துக் கறுத்துப்போகும். ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்களென்றால் பஞ்சில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு ஊறவிட்டுத் துடையுங்கள். தின்னரும் வேண்டாம், நகப்பூச்சு அழிக்கிற தண்ணியும் வேண்டாம். இரண்டும் பிளாஸ்ரிக்கைத் தின்னும். நகப்பூச்சையே விளக்கில் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். பூசுவது சுலபம், பிறகு அழிக்க அந்தத் தண்ணியைத்தானே தேடவேண்டும்?

ரேப் ஒட்டுவதற்கு முன் இன்னொன்றும் பாருங்கள். சில ரவுட்டர்களில் விளக்கை மட்டும் நிற்பாட்டுகிற பட்டன் பின்பக்கத்தில் இருக்கும், சிலவற்றில் செற்றிங்குக்குள் இருக்கும். பல ஏ.சி. ரிமோட்டுகளில் 'லைட்' அல்லது 'டிஸ்பிளே' என்று ஒரு பட்டன் உண்டு, அதை அமத்தினால் ஏ.சி.யின் முகத்தில் எரிகிற இலக்கம் அணைந்துவிடும். வருடக்கணக்கில் ஏ.சி. பாவிக்கிறவர்களுக்கே இது தெரியாது. புதிய ரீவிகளில் சிலவற்றின் மெனுவில் 'ஸ்ராண்ட்பை லைட்' என்று இருக்கும். இல்லாவிட்டால் ரேப்தான்.

ரவுட்டரை அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவதோ, மேலே துணி போடுவதோ கூடாது. சூடு போக வழியில்லாமல் அதன் ஆயுள் குறையும், வைஃபையும் பலவீனமாகும். திருப்பி வைக்கலாம். ஆனால் பின்னால் செருகியிருக்கிற மெல்லிய பைபர் வயரை முறுக்கி மடிக்காதீர்கள். உள்ளே கண்ணாடி இழை, கூர்மையாக மடிந்தால் இணைப்பே போய்விடும். அந்த வயரைக் கழற்றி நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் வேண்டாம். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

இந்த விளக்குகள் ஏன் இப்படி எரிகின்றன? கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு எல்.ஈ.டி. வந்தது 1962இல். பழைய ரேடியோவில் மங்கலாக ஒரு சிவப்புப் புள்ளி எரியுமே, அதற்கே 10, 20 மில்லி அம்பியர் கரண்ட் தேவைப்பட்டது. பிரகாசமான நீல எல்.ஈ.டி.யை 1993இல் ஜப்பானின் நிச்சியா கம்பனியில் ஷூஜி நகமுரா செய்து காட்டினார். அவருக்கும் அகாசாகி, அமானோ இருவருக்கும் 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்பால்தான் இன்று வீடு முழுக்க வெள்ளை எல்.ஈ.டி. பல்ப் போடுகிறோம். நல்ல விசயம். ஆனால் இன்றைய நீல, பச்சை எல்.ஈ.டி.க்கு ஒரு மில்லி அம்பியரில் ஒரு துண்டு கொடுத்தாலே இருட்டில் நன்றாகத் தெரியும். பெட்டி செய்கிறவர்கள் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை, பழைய கணக்குப்படி பல மடங்கு கூடவே கொடுக்கிறார்கள். கரண்டைக் குறைக்கிற சின்னத் துண்டுக்கு ரெசிஸ்ரர் என்று பெயர். மங்கலாக எரிய வைக்கும் ரெசிஸ்ரருக்கும் கண்ணைக் குத்த வைக்கும் ரெசிஸ்ரருக்கும் விலை ஒன்றுதான். சாமான் ஷோக் அடிக்குமா, தீப்பிடிக்குமா என்று பார்க்க ஆள் இருக்கிறார்கள். படுக்கிற அறையில் இது எப்படி எரியும் என்று யோசிக்க மட்டும் ஒருவரும் இல்லை. கடை ஷோகேசில் பளிச்சென்று தெரிந்தால் போதும்.

நீலம் கூடுதலாகக் குத்துவதற்கும் காரணம் இருக்கிறது. இருட்டில் வேலை செய்கிற கண் செல்கள் நீலப்பச்சைக்குத்தான் அதிகம் உணர்ச்சி காட்டும், சிவப்பை அவை கவனிப்பதே குறைவு. அதனால்தான் ரீவியின் சிவப்புப் புள்ளியை அம்மா குறை சொல்லவில்லை. அதோடு கற்றராக்ட் உள்ள கண்வில்லை வெளிச்சத்தைச் சிதறடிக்கும். உங்களுக்குப் புள்ளியாகத் தெரிவது அவருக்கு வட்டமாகப் பரவித் தெரியும். ஆகவே அம்மா சொல்வது பொய்யுமில்லை, பிடிவாதமுமில்லை. கற்றராக்ட்டை மட்டும் ஒத்திப்போடாமல் கண் கிளினிக்கில் காட்டுங்கள். அது ரேப்பால் தீருகிற விசயமில்லை.

இந்த லைட் கண்ணைப் பழுதாக்குமா என்றால், இல்லை. ஹோலின் அந்தப் பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சம் மிகச் சொற்பம். நித்திரையைக் குழப்பும், எரிச்சல் தரும், அவ்வளவுதான். ஸ்ரிக்கர்காரர் வியாபாரம் செய்வது இந்தப் பயத்தை வைத்துத்தான். அவர் தருவது நிறம் பூசிய பிளாஸ்ரிக் தாள். பார்மசி ரேப் செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்யும். 'கண் டொக்டர் சிபாரிசு' என்று சொன்னால், எந்த டொக்டர் என்று கேட்டுப் பாருங்கள்.

போர்டு மாற்றுகிற கதைக்கு வருவோம். விளக்கை நிரந்தரமாக மங்கலாக்க ஒரு வழி உண்மையில் உண்டு. உள்ளே விளக்கோடு தொடராக இருக்கிற ரெசிஸ்ரரைக் கூடிய பெறுமதிக்கு மாற்றுவது. 471 (அதாவது 470 ஓம்) என்று எழுதிய கடுகளவு துண்டை எடுத்துவிட்டு 103 (அதாவது 10,000 ஓம்) என்று எழுதியதை வைத்தால் கரண்ட் இருபதில் ஒன்றாகக் குறையும். கை பழகியவருக்குச் சின்ன வேலை. அதற்குப் 'போர்டு மாற்ற வேண்டும்' என்று சொல்கிறவர் ஒன்றில் வேலை தெரியாதவர், அல்லது உங்கள் பேர்சைத் தெரிந்தவர். பைபர் ரவுட்டர் பெரும்பாலும் இணைப்புத் தந்த கம்பனியின் சொத்து. திறந்த அடையாளம் தெரிந்தால் பழுதானபோது காசு உங்கள் தலையில்தான் வரும். ரீவியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 230 வோல்ட் லைன் உள்ளே போய் 325 வோல்ட்டாக, கரண்டைச் சேர்த்து வைக்கிற கெப்பாசிட்டரில் நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் அது போகாது. ஒரு புள்ளி வெளிச்சத்துக்காக அதற்குள் கை விடுவதா?

இனி நான் எல்லோரிடமும் சொல்லிக் களைத்துப்போன ஒரு விசயம். ரீவியின் கீழ் விளிம்பில் அந்தச் சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்திலேயே, பல ரீவிகளில் அதே கறுப்புப் பிளாஸ்ரிக் துண்டுக்குள்ளேயே, ரிமோட்டின் கண் இருக்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. விளக்கை மறைக்கப் போய் அதையும் சேர்த்து மறைத்தால் ரிமோட் வேலை செய்யாது. கல்முனைப் பக்கம் ஒரு வீட்டில் இதுதான் நடந்தது. பிள்ளை படுக்கிற அறை என்று மருமகள் கறுப்பு ரேப் ஒட்டியிருக்கிறார், மாமனாருக்கு அது தெரியாது. ரிமோட் போய்விட்டதென்று புது ரிமோட் வாங்கினார். அதுவும் வேலை செய்யவில்லை. கடையில் 'ஐ.சி. போயிற்று' என்றார்கள், ரீவியை ஓட்டோவில் ஏற்றிக் கொடுத்தார். இரண்டு கிழமை கழித்துக் காசு வாங்கிக்கொண்டு திருப்பித் தந்தார்கள். வீட்டுக்கு வந்தபோது ரேப்பை மட்டும் உரித்திருந்தார்கள், உள்ளே எந்த ஸ்குறூவிலும் கை பட்டிருக்கவில்லை. ஆகவே ரீவியில் ரேப் ஒட்டினால் உடனே ரிமோட்டை அமத்திப் பாருங்கள், நீங்கள் வழமையாக இருக்கிற இடத்திலிருந்து. வேலை செய்யாவிட்டால் ரேப்பை ஒரு நெல்லளவு நகர்த்துங்கள். ரிமோட்டில்தான் பழுதோ என்று சந்தேகமென்றால் போனின் செல்பி கமெராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேரே பிடித்துப் பட்டனை அமத்துங்கள். திரையில் ஊதா கலந்த வெள்ளையாக மின்னினால் ரிமோட் நல்லாயிருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. எந்தக் கடையிலும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள்.

ரவுட்டரில் 'லொஸ்' (LOS) என்று எழுதிய விளக்கை மட்டும் ஒரு அடுக்கோடு விட்டுவிடுங்கள். அது சிவப்பாக மின்னினால் பைபரில் கோளாறு. இன்டர்நெற் போனால் ஹொட்லைனில் முதல் கேள்வியே 'எந்த லைட் எரியுது?' என்பதுதான். அந்தக் கேள்விக்கு வந்து சேர முன் ஒன்றை அமத்து, இரண்டை அமத்து, பாட்டைக் கேள் என்று பொறுமையைத் தின்றுவிடுவார்கள். அந்த நேரத்தில் ரேப்பை உரித்துக்கொண்டு நிற்க வேண்டாம். மினி யூ.பி.எஸ்.சில் பற்றரி குறைவைக் காட்டும் விளக்கும் அப்படித்தான். மல்ரிபிளக்கின் சுவிட்ச் விளக்குக்கும் வெளியே ரேப்பே போதும், அதைத் திறக்கக் கூடாது. அந்த விளக்கு நேரே 230 வோல்ட்டில் எரிகிறது.

பில் கணக்குக்கு வருவோம். ஒரு எல்.ஈ.டி.யைத் தாராளமாக 0.1 வாட் என்று வையுங்கள். இரவு பகல் நிற்காமல் ஒரு வருடம் எரிந்தாலும் ஒரு யுனிட் தேறாது. பில்லைக் கூட்டுவது விளக்குக்குப் பின்னால் ஓடுகிற பெட்டி. 10 வாட் ரவுட்டர் மாதம் ஏழு யுனிட் எடுக்கும். டிஷ் ரீவி பெட்டிகளில் சிலது நிற்பாட்டினாலும் ஏறக்குறைய அதே அளவை இழுத்துக்கொண்டே இருக்கும். பார்க்காத நேரத்தில் அதைச் சுவிட்சில் நிற்பாட்டுங்கள். விளக்கும் அணையும், பில்லும் குறையும்.

அந்தக் 'கரண்ட் சேவர்'தான் உங்கள் வீட்டில் உண்மையாகக் கழற்றிப் போட வேண்டிய லைட். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியதும், பிறகு பில் ஏறியதும் நம் சனத்தை நன்றாகப் பயமுறுத்திவிட்டன. அந்தப் பயத்துக்குப் பின்னால் இந்தப் பெட்டிகள் வீடு வீடாக வந்தன. வழமையாக உள்ளே இருப்பது ஒரு சின்னக் கெப்பாசிட்டர், ஒரு எல்.ஈ.டி., அதை எரிய வைக்க நாலு துண்டு. கெப்பாசிட்டர் 'பவர் பக்ரரை', அதாவது இழுக்கிற கரண்டில் எவ்வளவு உண்மையான வேலைக்குப் போகிறது என்கிற கணக்கை, திருத்தும் என்பார்கள். தொழிற்சாலைகளில் அது காசு மிச்சம்தான். வீட்டு மீற்றர் கணக்கெடுப்பது யுனிட்டை, பவர் பக்ரரை அல்ல. உங்கள் பில்லில் ஒரு சதமும் குறையாது. பச்சை லைட் எரிவதால் ஏதோ நடக்கிறதென்று சனம் நம்புகிறது. ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கையில் பிடித்துக்கொண்டு, அவருக்குக் கொமிசன் கொடுத்து விற்பார்கள், அவருடைய முகத்துக்காக நாமும் வாங்குவோம். விற்கிறவரிடம் 'எத்தனை வீதம் குறையும், எழுதித் தாங்கோ' என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டாம், பிளக்கிலிருந்து கழற்றிய பிறகும் கெப்பாசிட்டர் ஷோக் அடிக்கும். பில் தந்திருந்தால் பெட்டியையும் பில்லையும் கொண்டுபோய்க் காசைக் கேளுங்கள். தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் போன் எடுத்துச் சொல்லலாம். சொல்ல முன் கடையின் பெயர், விலாசம், வாங்கிய திகதி மூன்றையும் ஒரு கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பில் இல்லையென்றால் கூட்டிவந்த பெரியவரைத்தான் பிடிக்க வேண்டும்.