பம்பில் டீசல் ஒழுகினால் பம்பையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்களிடம் 2005 மாடல் டீசல் வேன் இருக்கிறது. பின் சீட்டுகளை எடுத்துவிட்டுப் படுக்கை, கேஸ் அடுப்பு எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு கோயில் பயணம் போவோம். மற்ற மாதங்களில் ஷெட்டில்தான் நிற்கும். இப்போது டீசல் பம்ப் பக்கம் ஒழுகுகிறது. நான்கு பைப் வரிசையாகக் கிளம்பும் பழைய பம்ப். "பம்ப் போயிடுச்சு, எக்ஸ்சேஞ்சில் வேற மாட்டிடலாம், 35 ஆயிரம் ஆகும்" என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா? - வாசகர், பொள்ளாச்சி.

பதில்: வேண்டாம். முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால், அதை இதுவரை யாருமே பார்க்கவில்லை என்று தெரிகிறது.

ஒர்க்‌ஷாப்பில் 'மைக்கோ பம்ப்' என்பார்களே, அந்த வகை இது. 1951-ல் தொடங்கிய அந்தப் பெங்களூர்க் கம்பெனியின் பெயர் 2008-ல் பாஷ் என்று மாறிவிட்டது. மெக்கானிக்குகள் வாயில் இன்னும் மைக்கோதான். இதன் உடம்பு லேசில் கெடாது. கெடுவது ரப்பரும் வாஷரும். வண்டி மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் காய்ந்து இறுகிவிடும். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க வருவது கந்தகம் மிகக் குறைந்த பி.எஸ்.-6 டீசல். பழைய டீசலில் பல வருடம் ஊறிய ரப்பர், டீசலின் சேர்மானம் மாறும்போது சுருங்கிக் கசிய வாய்ப்பு உண்டு.

இன்ஜின் ஆறியிருக்கும்போது பம்பைச் சுற்றி மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, ஏர் அடித்து, துணியால் ஒற்றி எடுங்கள். மேலே முகப்பவுடர் தூவி, ஐடிலில் ஓட விடுங்கள். டீசல் கீழ்நோக்கி வழிவதால் அடியில் சொட்டும் இடத்தை நம்பக்கூடாது. பவுடர் முதலில் நனையும் மேல் இடம்தான் கணக்கு. இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலுக்குப் போகும் பைப்பில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள், அட்டையை நீட்டிப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலுக்குள்ளேயே இறங்கிவிடும். அப்படி இறங்கினால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பம்புக்கு டீசல் கொண்டுவரும் பைப் சேரும் போல்ட்டில் ஈரம் என்றால் காப்பர் வாஷரை மாற்றினால் போதும். பழைய வாஷரைத் திருப்பிப் போட விடாதீர்கள். கையால் அடித்து டீசல் ஏற்றும் ஹேண்ட் பிரைமரில் என்றால் பிரைமரை மட்டும் மாற்றுங்கள். நான்கு பைப்பும் ஏறும் டெலிவரி வால்வு ஹோல்டரின் அடியில் என்றால் உள்ளே இருக்கும் ஓ-ரிங் போயிருக்கிறது. இங்கேதான் பலரும் பெரிய ஸ்பேனரை வைத்து ஓர் இறுக்கு இறுக்குகிறார்கள். அளவுக்கு மேல் இறுக்கினால் டீசலை அழுத்தித் தள்ளும் உள் பாகமான எலிமெண்ட் பிடித்துக்கொள்ளும். நல்ல பம்ப் அந்த நிமிடம் நிஜமாகவே போய்விடும். அதை, டீசல் பம்ப் வேலை மட்டும் பார்க்கும் பம்ப் ரூமில், குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் நான் சொன்னதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு வண்டியை நிறுத்திவிடுங்கள். ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் ஊற்றாமலே அளவு ஏறியிருக்கிறதா? விரலில் தொட்டால் தண்ணீர் மாதிரி ஓடுகிறதா? டீசல் வாடை வருகிறதா? அப்படியென்றால் டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்ப் வழியாகவோ எலிமெண்ட் வழியாகவோ டீசல் உள்ளே இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. வெளியே சொட்டுகிற டீசலைக் கண்ணால் பார்க்கலாம், இது தெரியாது. நீர்த்துப்போன ஆயிலில் ஓடினால் பேரிங் தேயும், பழனி மலையடிவாரம் போய்ச் சேருவதற்குள் இன்ஜினே போகலாம். ஸ்டார்ட் செய்யாமல் வண்டியை இழுத்துக்கொண்டு போங்கள். டீசல் இறங்கும் இடத்தைச் சரிசெய்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் சாவியைப் போட வேண்டும்.

இனி அந்த எக்ஸ்சேஞ்ச் விஷயம். உங்கள் பம்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் பதிலுக்கு வருவது எந்த வண்டியில் இருந்தது, அதன் எலிமெண்ட் எத்தனை தேய்ந்தது என்று யாருக்குத் தெரியும்? வெளியே பெயிண்ட் அடித்தால் எல்லாம் புதுசுதான். பம்பைக் கொண்டுவந்து விடும் மெக்கானிக்குக்குப் பம்ப் ரூமில் கமிஷன் வைப்பது இந்தத் தொழிலில் பழகிப்போன வழக்கம். பம்பின் பக்கவாட்டுத் தகட்டில் உள்ள எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, "இதே பம்பைத்தான் திருப்பி மாட்ட வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். பம்ப் தள்ளும் டீசல் அளவைச் சோதித்துச் சரிசெய்த காலிபரேஷன் ரிப்போர்ட், மாற்றிய பழைய பாகங்கள், பில் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். சீல் கிட் வாங்கும்போது டீசலைத் தாங்கும் வைட்டான் ரப்பரா என்று கேளுங்கள். கம்பெனிப் பெயர் அச்சிட்ட டப்பாவில் போலி கிட் நிறைய ஓடுகிறது.

புகைச் சான்றிதழ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். உங்கள் வயது வண்டிக்குப் புகையின் அடர்த்தி அதை அளக்கும் எச்.எஸ்.யு. கணக்கில் 65-ஐத் தாண்டாவிட்டால் பாஸ். இன்ஜின் பக்கம் டீசல் சொட்டுகிறதா என்று குனிந்து பார்ப்பவர் இல்லை. 15 வருடம் கடந்து ஆர்.சி. புதுப்பிக்கும்போதாவது பார்க்க வேண்டாமா? வாசலில் நிற்கும் புரோக்கர் ஃபைலை நகர்த்திவிடுகிறார், வண்டி ஒழுகிக்கொண்டே ரோட்டுக்கு வருகிறது. சூடான எக்ஸாஸ்ட் மேல் டீசல் பட்டால் தீப்பிடிக்கும். உங்கள் வேனிலோ கேஸ் அடுப்பு வேறு. ஒழுகல் நிற்கும்வரை சிலிண்டரை வீட்டில் இறக்கி வையுங்கள்.

பம்பைக் கழற்றத்தான் வேண்டும் என்றால், கழற்றும் முன் பம்ப் ஃபிளேஞ்சிலும் இன்ஜினிலும் பழைய நிலையிலேயே திரும்ப மாட்ட உதவும் டைமிங் குறியை மெக்கானிக் போட்டாரா என்று நீங்களே பாருங்கள். திரும்ப மாட்டியதும் பைப்புக்குள் புகுந்த ஏரை எடுக்காமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் ஸ்டார்ட்டர் கருகிவிடும். பிரைமரை அடித்துக் குமிழி நின்ற பிறகு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பக்கத்து ஊர் வரை ஓட்டிவிட்டு வந்து, மறுபடி பவுடர் தூவிப் பாருங்கள்.